ஜனவரி 17-ஆம் தேதிப் பக்கம்

4 பிப்ரவரி 1965, வியாழன்

நல்ல வெயில். ஒருவழியாகத் தீவுக்குக் கப்பல் வந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, தபால். எனக்கு அண்ணன் கடிதம் ஒன்று.

அம்மா போய்விட்டாள். ஜன. 17, மாலை நாலு மணி. 'கப்பல் இல்லாத நேரத்தில் தந்தி கொடுத்து உன்னைத் துடிக்க விட மனசு வரவில்லை.' காரியம்கூட முடிந்துவிட்டதாம்.

தலை முழுகினேன். அழுகை வரவில்லை. ஹெட்மாஸ்டர் வங்காளி, நல்ல மனுஷன். "சுட்டி லே லோ, டீச்சர்ஜி." மூன்று நாள் லீவு.

5, வெள்ளி

காலையிலேயே டைரியில் 17-ஐப் புரட்டினேன். புரட்டியிருக்க வேண்டாம்.

'ஞாயிறு. சௌல்தாரி கிராமத்தில் இவருடைய நண்பர் தோட்டம். சுர்மாய் மீன் வறுவல். வாத்து துரத்த, இவர் வேலி தாண்டி ஓட்டம். சிரித்துச் சிரித்து வயிற்று வலி. லாரி ஏறும்போது மணி நாலு.'

நாலு மணி. பாவி, லாரியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு.

பக்கம் முழுக்க மை அடித்தேன். கிழிக்கவும் போனேன். இவர் பிடுங்கி அரிசி டின் மேல் வைத்துவிட்டார். "கோவம்னா என்னை அடி. அதைக் கிழிக்காத." இதை ஸ்கூல் நோட்டில் எழுதுகிறேன்.

6, சனி

பக்கத்து வீட்டு கதீஜா டீ கொண்டுவந்தாள். அவளிடம் டைரிப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"எங்க வாப்பா மவுத்தான அன்னிக்கு நான் இங்க கல்யாண வீட்டுல மருதாணி வெச்சிக்கிட்டிருந்தேங்க்கா. கடுதாசி வந்தப்பவும் கை செவப்பு போகல. மண்ணு போட்டுத் தேய்ச்சேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். "பைத்தியம், கடல் நடுவுல இருக்கோம். உனக்கு எப்படிடி தெரியும்? மருதாணி வெச்சது ஒரு தப்பா?"

சொல்லும்போதே உறைத்தது. அவளுக்கென்றால் இவ்வளவு சுலபமாகச் சொல்ல வருகிறது. எனக்கென்றால் மட்டும் 'பாவி'.

அப்புறம்தான் அழுகை. அடக்கப் பார்க்கவில்லை. மார்பில் கனம், காதெல்லாம் சூடு, அம்மா கையின் வெங்காய வாசனை. ஒவ்வொன்றாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கதீஜா டீயை இரண்டு தடவை சூடுபண்ணினாள். என் செல்லம்.

7, ஞாயிறு

மேகம். சாவுத் தீட்டு முடிந்தது. துவைக்க ஒரு மலை.

டைரியை நானே டின் மேலிருந்து எடுத்தேன். மையை மீறி 'வாத்து' மட்டும் தெரிகிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்: 'அம்மா போன நாள். எனக்குத் தெரியாது. நன்றாகச் சிரித்தேன்.' மை காயும்வரை ஊதினேன்.

இவர் வாசலில் பையோடு தயங்கி நின்றார். "பஜார்ல சுர்மாய் வந்திருக்காம். வேணாம்னா விடு."

"வாங்கிட்டு வாங்க," என்றேன். "வழியில வாத்து இருக்கும். பார்த்து."