தலைக்கு மேல் விட்ட இடம்

ஜனவரி 18, ஞாயிறு

பனி. கொளவாய் ஏரி இருந்த இடத்தில் வெள்ளை மட்டும். பத்து மணிக்குப் புகைப்பட வகுப்பு, செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஸ்டுடியோ மாடியில். ஆறு பேர். என்னைத் தவிர எல்லாரும் என் மகள் கவிதாவை விடச் சின்னவர்கள். சொல்லித் தருபவர் ஸ்டுடியோக்காரர் பிரபு, முப்பது வயது இருக்கும். கவிதா விட்டுப்போன பழைய கேமராவைக் கொண்டுபோனேன்.

வகுப்பு நோட்டில் எழுதிக்கொண்டது:
- அப்பர்ச்சர்: எண் சிறிதானால் திறப்பு பெரிது. வெளிச்சம் அதிகம், பின்னணி மங்கல்.
- ஷட்டர் வேகம் (இனி ஷ.வே.): கையில் பிடித்து எடுத்தால் 1/125க்குக் கீழே வேண்டாம். ஆடும்.
- ஆள் என்றால் கண்ணில் போகஸ்.
- தலைக்கு மேல் இடம் அதிகம் விடாதே. புதிதாக எடுப்பவர்கள் எல்லாரும் செய்யும் தப்பாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னது: இனி நிருபர்களே படமும் எடுக்க வேண்டும் என்கிறது பேப்பர் ஆபீஸ். பாதி உண்மை. மீதி இங்கே. பிப்ரவரி 2 அவருக்கு முதல் ஊசி. கணையத்தில் புற்று. பொங்கலுக்கு முன்னால் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஒரு வருடம் போனால் பெரிது என்றார். மருந்து ஏறத் தொடங்கினால் முடி போகும், கன்னம் ஒட்டும் என்றார்.

அதற்குள் ஒரு படம். முகம் அவர் முகமாக இருக்கும்போது.

ஜனவரி 20, செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். கவிதா போன். அவளிடமும் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை.

வீட்டில் தேடியதில் கிடைத்த அவர் படங்கள்:
1. ஓட்டுநர் உரிமம். மீசை கறுப்பு. யாரோ போல.
2. பஸ் டிப்போ அடையாள அட்டை. முத்திரை வாய் மேல்.
3. கவிதா கல்யாணம். ஐயர் தோளுக்குப் பின்னால் அரை முகம்.
4. ஓய்வு பெற்ற நாள், டிப்போ வாசல். இருபது பேர். கண் மூடியிருக்கிறார்.

முப்பத்தொரு வருடம் சாவு வீடுகளுக்குப் போய் "அவரு போட்டோ ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருக்கிறேன். அழுதுகொண்டே பீரோவைத் திறப்பார்கள். வருவது ரேஷன் கார்டு நகல், இல்லாவிட்டால் கல்யாணக் கூட்டம். வெட்டினால் தோளில் யாருடைய கையோ மிச்சம் இருக்கும். அந்தக் கையோடுதான் பேப்பரில் வரும். எத்தனை கைகள்.

என் வீட்டிலிருந்து அப்படி ஒன்று போகக்கூடாது.

ஜனவரி 22, வியாழன்

செய்யூர் பக்கம் விபத்து. சவுக்குக் கட்டை ஏற்றிய டிராக்டர், பைக்கில் வந்தவர் அந்த இடத்திலேயே. வீட்டுக்குப் போனேன். பெயர், வயது, தொழில் கேட்டேன். அடுத்த கேள்வி வரவில்லை. பேனாவை மூடித் திறந்தபடி நின்றேன்.

இறந்தவரின் தம்பி தானாகவே கொண்டுவந்தார். "இது போதுமாக்கா? வேற இல்ல." காதுகுத்து விருந்துப் பந்தி, இலை முன்னால் குனிந்த முகம். போதும் என்றேன்.

செய்தி 140 சொல். படம் ஒரு பத்தி அகலம்.

ஜனவரி 25, ஞாயிறு

இரண்டாவது வகுப்பு. வாரம் முழுக்க எடுத்ததைக் காட்டச் சொன்னார் பிரபு. வாசலில் அவர், கிணற்றடியில் அவர், டீக்கடையில் அவர். அவருக்குத் தெரியாமல் எடுத்தவை.

"இன்னாக்கா, கடை போர்டு தெரியுது, பால் கேன் தெரியுது, ஆளு எங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

"நியூஸ் போட்டோ பார்த்துப் பழகின கண்ணுக்கா. எடமெல்லாம் வரணும்னு பின்னாடி போயிக்கினே கீறீங்க. கிட்ட போங்க. ஒங்க வூட்டுக்காரர்தானே, கடிச்சிற மாட்டாரு."

தூரத்தில் நிற்பது தொழிலில் பழகியது. கிட்டப் போனால் எழுத முடியாது.

இன்றைய பாடம்: கட்டத்தை மூன்றாகப் பிரி, ஆளை நடுவில் வைக்காமல் ஓரக் கோட்டில் வை. ஜன்னல் ஓரம் எடுத்தால் நிழல் மெத்தென்று விழும்.

ஜனவரி 28, புதன்

முதல் பஸ்ஸில் மாமல்லபுரம், அவரோடு. கடல் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். டிரைவர் இவருடைய பழைய டிப்போ ஆள். "இன்னா தல, எளச்சிட்ட? அண்ணி சோறு போடறது இல்லியா?" இவர்: "போடுது. அதனாலதான் எளச்சேன்." பஸ்ஸே சிரித்தது.

மீன் படகுகள் பக்கம் நிறுத்தினேன், கடலுக்கு முதுகு காட்டி.

"எதிர் வெயில்ல எடுக்காதம்மே. காலைல இந்தப் பக்கம் வண்டி ஓட்டிக்கினு வர்றப்ப, எதிர்ல வர்றவன் மூஞ்சி கரியாத்தான் தெரியும். நான் இப்டி திரும்பறேன்."

திரும்பினார். நன்றாக விழுந்தது வெயில். பாடப்படி அவரை ஓரத்தில் வைத்தேன். அப்பர்ச்சர் சின்ன எண். 43 படம். பிறகு அலையில் கால் நனைத்தார். திரும்பும்போது இரண்டு முறை உட்கார்ந்தார்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். போகஸ் புள்ளி கட்டத்தின் நடுவிலேயே இருந்திருக்கிறது. அதை அவர் கண்ணுக்கு நகர்த்தவில்லை. படகு கூர்மை. படகில் எழுதிய பெயர் கூர்மை. வலையின் முடிச்சை எண்ணலாம். ஓரத்தில் அவர், நாற்பத்து மூன்று முறையும், மங்கல்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி.

ஜனவரி 30, வெள்ளி

வாந்தி இரண்டு முறை. கஞ்சி மட்டும். படம் எடுக்கவில்லை.

ஜனவரி 31, சனி

காலை எட்டரை. எழுந்து பார்த்தால் முகம் மழித்து, தானே இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஜன்னல் பக்கத்துல வெச்சி எடுத்தா நெழல் மெத்தையா வுழும்னு எழுதி கீற. வா, எடு."

வகுப்பு நோட்டைப் படித்திருக்கிறார். எப்போது என்றேன்.

"நீ கொழாவத் தொறந்துட்டு ஒக்காந்திருந்த அன்னிக்கி."

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்தது: பிப். 2க்கு முன்.

கேமராவை எடுத்தேன். கிட்டப் போனேன். இரண்டடி. கண்ணில் புள்ளி. வலது கண் ஓரத்து மச்சம், இத்தனை வருடத்தில் இவ்வளவு கிட்டே பார்த்ததில்லை.

"கை ஆடுது பாரு. ஷட்டர ஏத்து."

1/250.

"சிரிக்கட்டுமா?"

"ஒங்க இஷ்டம்."

"லேசா சிரிக்கறேன். பேத்தி பாக்கும். அப்புறம், மேல கொஞ்சம் எடம் வுடு."

"ஏங்க?"

"ஒனுக்குத் தெரியாதா? எத்தினி வூட்ல பார்த்திருப்ப. மால போட்டா பாதிப் பேருக்கு நெத்தியே தெரியறது இல்ல. எனுக்கு நெத்தி தெரியணும். பொட்டு வெக்கற எடம்."

எடுத்தேன். ஒன்றுதான். அடுத்ததற்குக் கண் தெரியவில்லை.

"அவ்ளோதானா? நாப்பத்திமூணு எடுத்த அன்னிக்கி. சரி, டீ போடு."

டீ போட்டேன். சர்க்கரை மறந்துவிட்டேன். சொல்லாமல் குடித்தார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பனி இல்லை. நாளைக்குப் பை: ரிப்போர்ட் பைல், துண்டு, பிளாஸ்க், அவர் கண்ணாடி, ஆதார் நகல் 3.

கடைசி வகுப்பு. படத்தைக் கொடுத்தேன். பிரபு கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். கண், மச்சம், தாடையில் பிளேடு கீறிய சின்னக் கோடு, எல்லாம் கூர்மை. மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"சூப்பர்க்கா. ஆனா மேல பாருங்க, எம்மாம் எடம் சும்மா கீது. மொத நாள் பாடமே மறந்துட்டீங்களே. வெட்டிட்டு பிரிண்ட் போடவா?"

வேண்டாம் என்றேன். இவ்வளவு இடம் அவர் கேட்டது என்றேன்.