பேட்ச் நம்பர் இல்லாமல் போன படிவம்

இன்று காலை தலைவலி தாங்காமல், கல்லூரிக்குப் போகிற வழியில் ஒரு மருந்துக் கடையில் வண்டியை நிறுத்தினேன். படியேறியதுமே அந்த பி-காம்ப்ளக்ஸ் வாடை. உன் சேலையிலும் கைப்பையிலும், நீ எனக்குக் கொடுத்தனுப்பும் சீடை டப்பாவிலும்கூட இருக்குமே, அதே வாடை. கடைக்காரர் மாத்திரை அட்டையை எடுத்தார். நறுக்கென்று இரண்டை வெட்டிக் காகிதக் கவரில் போட்டு நீட்டினார்.

"கவர்ல பேட்ச் நம்பர் எழுதிக் குடுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு மாத்திரைக்கா?" என்றார்.

அதைக் கேட்டதும் தலைவலியே மறந்துபோனது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீ பக்கத்தில் நிற்கிறாய், இப்போது அவரை ஒரு பிடி பிடிக்கப் போகிறாய் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்துத் திரும்பினேன். நீ இல்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது என்பது எனக்கு இப்படித்தான், யாராவது அட்டையை வெட்டும்போதுதான் உறைக்கிறது. அதனால் வகுப்புக்குப் போகாமல் துறை அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முதல் பீரியடை இன்னொரு ஆசிரியையின் தலையில் கட்டிவிட்டேன். நீ இருந்தால் "ஓபி அடிக்கிறியா மேடம்?" என்று கேட்டிருப்பாய்.

டிப்ளமோ படித்த இரண்டு வருடமும் நாம் ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகு நான் மேலே மேலே படித்துக்கொண்டே போய், காரைக்குடிப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் ஆசிரியை ஆனேன். நீ நாச்சியாபுரம் போகிற ரோட்டில் ஒரு ஷட்டர் வைத்த சின்ன இடத்தைப் பிடித்து மருந்துக் கடை வைத்தாய். நம்மோடு படித்த எத்தனையோ பேருடைய பார்மசி சர்டிபிகேட் அப்போது வாடகைக்கு ஏதேதோ ஊர்க் கடைகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் வேறெங்கோ வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிடமும் ஒருவர் வந்து நயமாகக் கேட்டார், "உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம்? சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க, நீங்க நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

"அப்ப மாத்திரையை அந்தச் சர்டிபிகேட்டே எடுத்துக் குடுக்குமாக்கும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டாய். அன்றிலிருந்து உன் கடையில் சர்டிபிகேட்டுக்கு நேர் கீழே உன் நாற்காலி.

நான் கல்லூரியில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த பாடம் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு. ஒரு மருந்து கடைக்கு வந்த பிறகும் அது யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதைப் பார்த்தவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி நாலா பக்கமிருந்தும் வருகிற படிவங்களை வைத்துத்தான் மருந்தின் மறுபக்கம் தெரியவரும். இதை நான் ஸ்லைடு போட்டு அழகாக நடத்துவேன். மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் ஒரு மாதிரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அரை மார்க் வெட்டு. அவர்களும் சமர்த்தாக சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள். எத்தனை வருடம் போனாலும் அந்த நோயாளிக்கு வயது நாற்பத்தைந்துதான், அதே தோள்பட்டையில் அதே தடிப்புதான். நானும் சலிக்காமல் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். நிஜ நோயாளிக்கு நிஜமான படிவம் ஒன்றை நான் அதுவரை நிரப்பியதே இல்லை. இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம்தான் உன் கடைக்கு அந்த ஆத்தங்குடி அக்கா வந்தார். டைல்ஸ் பட்டறையில் சிமெண்டும் சாயமும் கலக்குகிற வேலை. இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டை நீட்டி, "ரெண்டே ரெண்டு குடுங்கக்கா" என்றிருக்கிறார். உன்னைவிட மூத்தவர்தான், ஆனால் மருந்துக் கடையில் இருக்கிற உன்னை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். நீ மாத்திரையை எடுப்பதற்கு முன்னால் அவர் கையைப் பார்த்தாய். புறங்கையில் கருநீலமாக வட்டமாக ஒரு திட்டு. அந்தக் காட்சியை நீ எத்தனை தடவை எனக்கு நடித்துக் காட்டியிருப்பாய்!

"கையில என்ன?"

"சிமெண்ட் அரிச்சிருச்சுக்கா. பட்டறையில எல்லாருக்கும் இருக்கும். என்னமோ புதுசாக் கேக்குறீக?"

"உதட்டுல?"

"அதுவும் சிமெண்ட்தேன்."

"உதட்டுல எப்படிச் சிமெண்ட் படும்? சிமெண்டைக் கரைச்சா குடிச்சீக?"

அவர் சிரிக்கப் போய், உதடு வெடித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீ விடவில்லை. போன தடவை இந்த மாத்திரை எப்போது வாங்கினீர்கள், அதற்கு முந்தி எப்போது, அப்போதும் இப்படி ஆனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். ஆடியில் ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை, போன வாரம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் மாத்திரை போட்ட மறுநாள் அதே கையில் அதே திட்டு, அதே உதட்டில் அதே கொப்புளம். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஊரே சிமெண்ட் என்றது. அவரும் சிமெண்ட் என்று நம்பிக் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, வலிக்கு மறுபடி அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று தடவையும் அதைக் கொடுத்தது நீ.

அன்று நீ மாத்திரை கொடுக்கவில்லை. கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, அவரை உன் ஸ்கூட்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாய். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொன்னாராம், இது சிமெண்ட் இல்லை, அந்த மாத்திரை இவருக்கு ஆகவில்லை, இன்னொரு தடவை போட்டால் வாய் முழுக்கப் புண்ணாகலாம் என்று. அங்கிருந்து நேராக என் கல்லூரிக்கு வந்தாய். கையில் நீ நிரப்பிய கண்காணிப்புப் படிவம். வேர்த்து வழிந்துகொண்டு, இந்த அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்தாய்.

நான் என்ன செய்தேன்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மார்க் போடுகிறவள் மாதிரி மேலிருந்து கீழே பார்த்தேன். "பேட்ச் நம்பர் எங்க?" என்றேன். எந்தத் தொகுதியில் தயாரான மாத்திரை என்று அட்டையின் ஒரு ஓரத்தில் அடித்திருப்பார்களே, அந்த நம்பர்.

"அட்டையை வெட்டிக் குடுத்துட்டேன்டி. நம்பர் இருந்த துண்டு வேற யாருக்கோ போயிருச்சு. அங்குட்டு யார் வீட்ல கெடக்கோ!"

"அப்ப இது செல்லாது. ஒரு கட்டம் காலியா இருந்தா எடுத்துக்க மாட்டாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "உன் கடையில குடுத்த மாத்திரைன்னு உன் கையாலயே எழுதிக் குடுக்குறியா? நாளைக்குக் கடை மேல ஏதாவது வந்தா?" என்று வேறு கேட்டேன்.

நீ கோபப்படவில்லை. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது. "எம்மேல வந்தா வரட்டும். அந்தக்கா நாளைக்குச் சிங்கம்புணரி சந்தைக்குப் போற எடத்துல இடுப்பு வலிக்குதுன்னு வேற கடையில இதையே வாங்கிப் போட்டா?" என்று கேட்டுவிட்டுப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாய். நான் கொடுத்த காபியைக் குடிக்கவே இல்லை.

மறுநாள் போன் செய்தாய். "மேடம், படிவத்தோட ஓரத்துல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சிருக்கியா?" என்றாய். அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தேன். நட்சத்திரக் குறி போட்ட கட்டங்கள் மட்டும்தான் கட்டாயம். பேட்ச் நம்பருக்கு நட்சத்திரம் இல்லை. தெரிந்தால் எழுதலாம். அத்தனை வருடம் அந்தப் படிவத்தை நடத்தியவள் நான். ஓரத்தைப் படித்தவள் நீ. காலியான கட்டத்துக்கு அரை மார்க் வெட்டி வெட்டி, அரைகுறையாகத் தெரிந்ததை அனுப்பவே கூடாது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று அன்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே, இவள் என் தோழி என்ற பெருமையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் போனைக் காதில் வைத்தபடி அந்தப் பொடி எழுத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். "என்ன மேடம், லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

படிவம் போனது. கடை மேல் ஒன்றும் வரவில்லை. கிடைத்தது என்று ஒரு பதிவு எண் மட்டும் வந்தது. பரீட்சை ரிசல்ட் மாதிரி அதைச் சர்டிபிகேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாய். அந்த அக்காவுக்கு ஒரு அட்டை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தாய். இந்த மாத்திரை இவருக்கு ஆகாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மருந்தின் பெயரோடு. ரேஷன் கார்டோடு அதையும் வைத்துக்கொண்டு திரிந்தார். சிங்கம்புணரியில் ஒரு கடையில் நிஜமாகவே அதே மாத்திரையை எடுத்து நீட்டினார்களாம். இவர் அட்டையைக் காட்டியிருக்கிறார். "ஏங்க்கா, நான் ஒரு டாக்டர் மாதிரி காட்டுனேங்க்கா!" என்று உன் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று நீ எனக்கு அடித்த போனில் பாதி நேரம் சிரிப்புதான்.

அந்த வாரத்திலிருந்துதான் உன் கடையில் அந்தப் பழக்கம் வந்தது. நம்பர் இல்லாத ஓரத்திலிருந்துதான் வெட்டுவாய். கடைசி மாத்திரை வரை நம்பர் கடையிலேயே நிற்கும். வெட்டிய துண்டு போகிற கவரில் அந்த நம்பரைப் பேனாவால் எழுதுவாய். கூட்டமாக இருந்தாலும் எழுதுவாய். "சீக்கிரம் குடுங்கக்கா, பஸ்ஸு வந்துரும்" என்றால், "பஸ்ஸு அடுத்ததும் வரும், இருங்க" என்பாய். என் மாணவர்களை நாலைந்து பேராக உன் கடைக்கு அனுப்ப ஆரம்பித்தேன். ரெக்கார்டு நோட்டு இல்லாமல். அவர்கள் கொண்டுவந்த படிவங்களில் நோயாளிகளுக்கு வேறு வேறு வயது இருந்தது. பல கட்டங்கள் காலியாக இருந்தன. நான் மார்க் வெட்டவில்லை.

பிறகு உன் நோய். மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று உன் கழுத்திலும் மார்பிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. ஏற்றிய ஊசி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டார்கள். நான் அழுதுகொண்டு உள்ளே வந்தேன். நீ இடது கையில் சலைன் ஊசியோடு, வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாய். நர்ஸிடம் கெஞ்சி அந்த மருந்துக் குப்பியையே வாங்கிப் பார்த்திருக்கிறாய். படிவத்தை என்னிடம் நீட்டினாய்.

"பாரு மேடம். பேட்ச் நம்பர்கூட இருக்கு. ஒரு கட்டம் காலி இல்ல. மார்க் போடு."

கீழே தொடர்புக்கு என் நம்பரைப் போட்டிருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "எடுக்க நான் இல்லாமப் போயிட்டா? ஒரு பேச்சுக்குச் சொல்றேன்" என்றாய். பேச்சுக்குச் சொன்னதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

உன் கத்தரிக்கோல், பிடியில் பிளாஸ்திரி சுற்றியது, இப்போது என் கைப்பையில் இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் முதல் வகுப்பில் ஒரு பழைய அட்டையையும் இதையும் ஒரு பெண்ணிடம் கொடுத்து இரண்டு மாத்திரை வெட்டச் சொல்கிறேன். வெட்டியதும் நம்பரைக் கேட்கிறேன். முழிப்பார்கள். அங்கிருந்துதான் என் பாடம் இப்போது தொடங்குகிறது. ஸ்லைடு அப்புறம்தான்.

இதையெல்லாம் நீ அறிவாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. கண்காணிப்பு மையத்திலிருந்து. இளம் குரல், மரியாதையான பையன். நீ ஆஸ்பத்திரியில் உன்னைப் பற்றி எழுதி அனுப்பிய படிவத்தில் முடிவு என்ற கட்டத்தில் "தேறி வருகிறார்" என்று எழுதியிருந்ததாம். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தெரிந்தால் பதிவு செய்துகொள்வோம் என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். உன் முகம் முன்னால் வந்தது. சொன்னேன். "தடிப்பு அஞ்சாவது நாள் முழுசா மறைஞ்சிருச்சு. நோயாளி இப்ப இல்ல. அது மருந்தால இல்ல, நோயால. ரெண்டையும் தனித்தனியா எழுதிக்குங்க." தேதிகளையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, "படிவம் ரொம்பத் தெளிவா இருந்துச்சு மேடம். எழுதுனவங்க டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி. பார்மசிஸ்ட். நாச்சியாபுரம் ரோட்ல கடை. சர்டிபிகேட்டுக்குக் கீழ அவளேதான் உக்காந்திருந்தா" என்றேன். அவர் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டமும் கிடையாது. இருந்தாலும் சொன்னேன்.