"சுவர்" என்று சொன்னால்

வின்கோவ்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மிர்னாவுக்கு,

டப்ளினில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டது. பிளம் மரம் கிளை முறியக் காய்த்திருக்கிறது. போனில் பேசலாம்தான், ஆனால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். அந்தப் புதுப் பெண் காது தெரிய வெட்டிவிட்டாள். திரும்பி வந்து சமையலறையில் கால் வைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காலடியில் படுத்திருந்த நாய் லுன்யாவிடம் மெதுவாக, "சுவர்" என்றார்.

முன்னாள் படைவீரர்களுக்கான நாய்ப் பயிற்சியின்போது ஆளுக்கொரு சொல் தேர்ந்தெடுக்கச் சொன்னார்களே, அவர் எடுத்த சொல் அது. சந்தையில் யாராவது நெருங்கி வந்தால் அவருக்குக் கைகால் உதறும். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் அது போகவில்லை. "சுவர்" என்றால் லுன்யா எழுந்து அந்நியருக்கும் அவருக்கும் நடுவே குறுக்காக நிற்கும். வீட்டுக்குள் அந்தச் சொல்லை அவர் சொன்னதே இல்லை. "நாலு சுவர் இருக்குற வீட்ல அஞ்சாவது எதுக்கு?" என்று கேலி பேசுவார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "என்ன ஸ்டிபான், முடி வெட்டினா ஆளே மாறிப்போயிட்டேனா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "யாரைப் பாக்கணுங்க? என் வீட்டுக்காரி வெளிய போயிருக்கா. உக்காருங்க, இப்ப வந்துருவா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை "அடியே" என்று கூப்பிட்ட மனிதர், மிர்னா. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லுன்யா என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ஆனால் எழுந்து குறுக்கே நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பாவம், அது தன் வேலையைச் செய்தது. நான் வாசல் பக்கமே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரே, "எங்கடி போயிருந்த? காபி போடு" என்றார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை.

மறுநாள் டாக்டரைப் பார்த்தேன். போரில் பதுங்குகுழி அருகே பீரங்கிக் குண்டு விழுந்து அப்பாவைத் தூக்கியெறிந்ததே, அப்போது மூளையில் பட்ட அடியும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார். அன்று ரத்தம் வராததால் அதை யாரும் காயமாகவே எண்ணவில்லை. இது இனிக் கூடத்தான் செய்யும் என்றும் சொன்னார். உன் அப்பாவுக்கு நான் எதையும் சொல்லவில்லை.

நீ கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். முன்னாலேயே வந்துவிடு, கண்ணே. வருவதற்குள் நீ போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் தபாலில் அனுப்பு. லுன்யா இன்னும் உன்னைப் பார்த்ததில்லை. அதன் படுக்கையில் போட்டு வைக்கிறேன், உன் வாசம் பழகிவிடும். நீ கதவைத் திறக்கும்போது அப்பா "சுவர்" என்று சொன்னாலும் சொல்லலாம். நாய் நகராவிட்டாலும் உன்னைப் பார்த்து வாலையாவது ஆட்டட்டும்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஸ்தென்கா