நண்டு கிழித்த உதடு

மலைமேல் முகில் அகலாதிருக்க, மிளகுக்கொடி காய்த்துக் குலுங்க, ஏலக்காட்டில் நல்ல மணம் நிறைந்திருக்க, குறிஞ்சிக்கோட்டு மலைநாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் பெருமாட்டி முகிலாண்டாள் தேவியாரின் திருமுகம். அலை ஓயாத பவழவாய்ப் பட்டினத்துக்கு அதிபதியும், நாவாய்ப் படை உடையவரும், முத்துக்குடை நிழலில் வீற்றிருப்பவருமாகிய பரவைக்கோ வேந்தர் கண்டு தெளிக. தங்கள் துறையில் கலங்கள் சேதமின்றி வந்து சேர்க. தங்கள் வலைஞர் வலை நிறைக. தங்கள் அரண்மனையில் மங்கல ஒலி ஓயாதிருக்க.

வாழ்த்து இவ்வளவே. இனி எழுதப்போவதில் வாழ்த்துக்கு இடமில்லை. எழுதுகிறவர் மலைநாட்டு ஓலைநாயகம் வெண்காடர். பெருமாட்டி சொல்லச் சொல்ல எழுதுகிறார். பெருமாட்டி மூச்சு வாங்குகிற இடங்களில் தம் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறார். வேந்தர் பொறுத்தருள்க, பொறுக்காவிட்டாலும் பாதகமில்லை.

மலைநாட்டுப் பெருந்தூதர் கொற்றனார் மிளகுக்கும் உப்புக்குமான உடன்படிக்கையோடு தங்கள் பட்டினம் வந்ததும், இரு முத்திரைகளும் அதில் பதிந்ததும் வேந்தர் அறிந்ததே. அதன்பின் தாங்களே அவரைத் தடுத்து நிறுத்தி, எம் நகரைக் கண்டு, எம் உணவை உண்டு, மனம் குளிர்ந்து செல்க என்று அவையறிய அழைத்தீர்கள். கொற்றனார் சாப்பாட்டுப் பிரியர் என்பது மலைநாட்டில் குழந்தைக்கும் தெரியும். கடற்கரை சென்று மீண்ட வணிகர் எவரைக் கண்டாலும், அங்கே என்ன தின்றாய், எப்படிச் சமைத்தார்கள், புளி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறவர் அவர். சுட்ட கணவாய், சுறாப்புட்டு, மிளகு நண்டு என்று பெயர்களை நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். தங்கள் அழைப்பைக் கேட்டதும் நாவில் நீர் ஊறி, சரி என்றார். அங்கேதான் பிடித்தது சனியன்.

அடடா, தங்கள் பட்டினத்தார் விருந்தோம்பும் அழகை என்னவென்று சொல்வது! அரச விருந்தினர் தெருவில் இறங்கினால் அத்தெருவில் ஆளே இருக்கக்கூடாது, அவர் மீது புகை படக்கூடாது, பொதுமக்கள் மூச்சுப் படக்கூடாது என்பது தங்கள் வழக்கமாம். விருந்து நாயகம் இருங்கோளர் பறையறைவிக்க, கொற்றனார் பல்லக்கு சென்ற இடமெல்லாம் கதவுகள் அடைந்தன, அடுப்புகள் அணைந்தன. முத்துக் கடைத்தெருவைக் காண ஆசைப்பட்டார். கண்டது தாழிட்ட பலகைகளை. கப்பல் கட்டும் துறையைக் காண ஆசைப்பட்டார். உளியோசை ஒன்றுகூட இல்லை, தச்சர்களை எங்கோ ஓட்டிவிட்டிருந்தார்கள். கலங்கரை விளக்கத்துக்கு ஏறிச் சென்றால், விருந்தினர் கண் கரிக்கும் என்று தீயை அவித்து வைத்திருந்தார்கள். வெந்த சாம்பலைப் பார்க்கவா ஒரு மனிதர் மலையிறங்கி வருவார்?

உணவாவது உண்டா என்றால், அதுவும் வெட்கக்கேடு. முன்னுண்போர் என்று வரிசையாக உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு கலத்தையும் சுவைத்துப் பார்த்து, நஞ்சில்லை என்று தலையசைத்து முடிப்பதற்குள் சோறு சில்லிட்டுவிடும். அதுவும் எந்தச் சோறு? பாலும் சருக்கரையும் கலந்து குழைத்த சோறு. காலையிலும் அதுவே, மாலையிலும் அதுவே. மீன் முள்ளில் ஆபத்து, மிளகில் காரம், நண்டில் ஓடு, ஆகவே விருந்தினருக்கு ஆகாது என்று இருங்கோளர் விளக்கினாராம். கடலை வாசலில் வைத்துக்கொண்டு பால்சோறு போட்டவர்கள் உலகத்தில் நீங்கள் மட்டுமே.

கொற்றனாரும் மனிதர்தானே. ஒருநாள் காலை, பல்லக்குத் தூக்குவோரில் ஒருவரின் வேட்டியை இரந்து உடுத்தி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காவலர் கண்ணில் மண்ணைத் தூவி வெளியேறினார். முதல்முறையாகப் பட்டினம் திறந்து கிடக்கக் கண்டார். சங்கறுப்பார் தெருவில் சங்கு அறுபடும் கீச்சொலியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். மீன் ஏலத்தில் பெண்கள் போடும் கூச்சலைக் கேட்டு, ஒன்றும் புரியாமலே, தாமும் சிரித்தார். கப்பல் துறையில் ஒரு தச்சர், வேலைக்குக் குறுக்கே நிற்கிறாய் என்று அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டதையும், பின்னர் பெருமாட்டிக்கு விடுத்த ஓலையில் அவர் மகிழ்ச்சியாகவே எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது பெருமாட்டி சிரித்தார்கள்; பின்பு அழுதார்கள்.

உச்சிப்பொழுதில் துறைமுகத்துப் புன்னை மரத்தடியில், தேனாச்சி என்னும் பெண்ணின் சோற்றுக்கடைக்கு வந்தார். கடையென்றால் பெரிதாக ஒன்றுமில்லை; மண்ணடுப்பு ஒன்று, சட்டிகள் சில, உட்கார ஓலைத் தடுக்குகள். சுமை தூக்குவோர் நடுவில் உட்கார்ந்து, தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பமும், சுட்ட கணவாயும், கொதிக்கக் கொதிக்கச் சுறாப்புட்டும் மூக்கு முட்டத் தின்றார். வாழ்நாளில் இதுபோல் உண்டதில்லை, உண்ணும்போது ஏனோ அரண்மனையே நினைவில் இல்லை என்று அவர் எழுதியிருப்பதைப் பொறாமையோடு குறித்து வைக்கிறோம். கடைசியாக வந்தது மிளகு நண்டு.

மலைநாட்டில் நண்டு ஏது? ஓட்டை உடைத்துத் தின்ன வேண்டும் என்று மலையில் பிறந்த மனிதருக்கு யார் சொன்னார்கள்? வணிகர் எவரும் அதைச் சொல்ல நினைக்கவில்லை. கொற்றனார் நண்டுக்கால் ஒன்றை முழுதாக எடுத்து, கரும்பைக் கடிப்பது போல, ஓட்டோடு நறுக்கென்று கடித்தார். கீழுதடு கிழிந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தேனாச்சி ஓடிவந்து சொன்னதை, அவள் சொன்னபடியே எழுதுமாறு பெருமாட்டியின் ஆணை: "யோவ், ஓட்டோட கடிக்கிறியே, எந்த ஊருய்யா நீ? இங்க குடு, நான் ஒடச்சுத் தாறேன். ரத்தம் வருது பாரு, வாயக் கொப்புளி." நீர் தந்தாள், நண்டை உடைத்துச் சதையை எடுத்து இலையில் வைத்தாள். தாயில்லாப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் என்கிறார் கொற்றனார்.

மாலையில் மாளிகை திரும்பியவரின் வீங்கிய உதட்டை இருங்கோளர் பார்த்துக் காரணம் கேட்டார். அந்த வெள்ளை மனத்தார் ஒளிக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால் அன்று. அவளுக்கு அரண்மனை ஒரு நல்ல பரிசு தரும் என்று நம்பியதால், பெயரையும் இடத்தையும் சொல்லி, அவள் கைப்பக்குவத்தை வாயாரப் புகழ்ந்தார். புகழ்ந்து முடிக்குமுன் காவலர் புறப்பட்டுவிட்டார்கள். அடுப்பு உடைந்தது, சட்டிகள் நொறுங்கின, தேனாச்சி சிறையிலானாள். அரச விருந்தினரின் குருதி சிந்தக் காரணமானவளை அடுத்த கலத்தில் ஏற்றி, மீண்டும் இக்கரை மிதிக்காதபடி கடல்கடத்துவது என்று தங்கள் மன்றம் தீர்ப்பளித்தது. மன்றத்தில் அவள் சொன்னது இது: "பசின்னு வந்தாரு, போட்டேன். இது தப்புன்னா, நாளைக்கி வேற ஒருத்தர் வந்தாலும் இந்தத் தப்பத்தான் செய்வேன்."

என்ன நெஞ்சழுத்தம் ஐயா உங்களுக்கு! பசித்தவனுக்குச் சோறு போட்டவளை நாடு கடத்துவதா? அதுவும், விருந்தினரைப் பட்டினி போட்டவர்கள் கையால்?

கொற்றனார் மன்றத்தின் முன் நின்று, பிழை என்னுடையது, உதடும் என்னுடையது, நான் மன்னித்தேன் என்றார். இருங்கோளர் மறுத்த விதம் இது: தூதரின் உடல் அவர் சொந்த உடலன்று, அவரை விடுத்த அரசின் உடல், அவர் உதட்டில் வந்தது மலைநாட்டுப் பெருமாட்டியின் குருதி, அரசக் குருதியை மன்னிக்கத் தூதருக்கு உரிமையில்லை, அரசே மன்னித்தாலும் குற்றம் அழியாது, எளியவர் குருதியாயிருந்தால் அடிபட்டவர் போகட்டும் என்ற நொடியில் வழக்கு முடிந்திருக்கும். கொற்றனார் இதைக் கேட்டுத் தலைகுனிந்து வெளியே வந்தார். நான் வாய் திறந்து புகழாதிருந்தால் அவள் இந்நேரம் ஆப்பம் சுட்டுக்கொண்டிருப்பாள் என்று அன்றே பெருமாட்டிக்கு ஓலை எழுதினார்.

அந்த ஓலையோடு தூது மோதிரமும், முத்திரைக் கோலும் வந்து சேர்ந்தன. நண்டு உண்ட நாளின் விடியலிலிருந்தே தம்மைத் தூதர் பதவியிலிருந்து நீக்கியதாக அறிவிக்க வேண்டுமென்று கொற்றனார் வேண்டியிருந்தார். மோதிரத்தைக் கழற்றியவர் அதை மறுபடி அணியக்கூடாது என்பது மலைநாட்டு முறை. மாளிகையும் மானிய நிலமும் அவையில் இருக்கையும் அந்த மோதிரத்தோடு போகும். பெருமாட்டி மறுத்து எழுதினார்கள். வேறு வழி தேடுவோம், படைகூட விடுப்போம் என்றார்கள். ஒரு சட்டி நண்டுக்காகப் படை வேண்டாம், கலம் புறப்படப்போகிறது, நேரமில்லை என்று மறுமொழி வந்தது. இந்த நாட்டின் வடக்கெல்லைப் போரை ஒரு சொல்லால் நிறுத்திய நாக்கு அது. அதை இழக்க எவருக்கு மனம் வரும்? இதை எழுதும் ஓலைநாயகம் இரண்டு எழுத்தாணிகளை ஒடித்துவிட்டார், கோபத்தால்தான்.

ஆகவே பெருமாட்டி அறிவிப்பதாவது: குறித்த நாளின் விடியலிலிருந்து கொற்றனார் மலைநாட்டின் தூதர் அல்லர், அதிகாரி அல்லர், அவையினர் அல்லர். அவர் உதட்டில் வந்த குருதி அவருடையதே. அந்த எளிய மனிதர், போகட்டும் என்று தங்கள் மன்றத்தில் சொல்ல, இந்த ஓலையோடு வந்து வாசலில் நிற்பார். அவர் சொன்ன நொடியில் தங்கள் சட்டப்படியே வழக்கு முடிய வேண்டும். கலத்தில் ஏற்றியிருந்தால் கலத்தைத் திருப்ப வேண்டும். உடைத்த அடுப்பையும் சட்டிகளையும் உடைத்தவர் கையாலேயே புதிதாக வாங்கி வைக்க வேண்டும். உடன்படிக்கை நிற்கும், மிளகு தவறாது வரும், மலைநாடு சொன்ன சொல் மாறாது. ஆனால் தங்கள் அழைப்பை ஏற்று இனி ஒருவரும் மலையிறங்கார்.

முகில்முத்திரை பொறித்து, பட்டுக்கயிறு கட்டி, பெருமாட்டி திருவாய் மலர்ந்தபடி எழுதி முடித்த இவ்வோலையைப் பரவைக்கோ வேந்தர் அவை நடுவே ஒருவரைக் கொண்டு உரக்கப் படிப்பிக்க. முத்திரைக்குக் கீழே பெருமாட்டி தம் கைப்பட எழுதியது:

நம்மிடம் இருந்தவர்களில் சிறந்தவரை இதற்காகக் கொடுத்துவிட்டோம். அந்தப் பெண்ணை விடுக.