பாசிக்குப் போட்ட வெள்ளை உரம்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது பாசிப் பை வெளுத்திருக்கிறது. நேற்று கெட்டித் தேநீர் நிறம், இன்று பால் கூடிப்போன மாதிரி. நான்காவதும் கொஞ்சம். வேறு யாரும் கவனிக்கவில்லை.

வெயில் கடுமை. ஜெலாப்பாங் தொழிற்பேட்டை முழுக்கத் தகரக் கூரை சுடுகிறது. எங்கள் அறையில் மட்டும் ஏர்கோன், பாசிக்காக. கண்ணுக்குத் தெரியாத கடல் பாசி. லோரியில் வரும் கடல்நீரை ஆள் உயரப் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, விளக்கு போட்டு, காற்றுக் குழாய் விட்டு வளர்க்கிறோம். இறால் குஞ்சுகளுக்குத் தீனி. என் வேலை: போத்தல் கழுவுவது, குழாய் பார்ப்பது.

பாசிக்குச் சத்து கலக்கும் வாணி அக்கா லூமூட் போயிருக்கிறார், வியாழன்தான் வருவார். நைட்ரேட் போத்தல் காலி. நைட்ரஜன் குறைந்தால் பாசி வெளுக்கும் என்று அவரே ஒருநாள் சொன்னார். செல்வி அக்காவிடம் காட்டினேன். க்ளோரின் போட்டுக் கடல்நீரைச் சுத்தம் செய்து, பிறகு அந்த க்ளோரினை எடுப்பவர், பக்கத்து வீடு, எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர்.

"வாணி வரட்டும்லா. நீ கைய வச்சிக்கிட்டு சும்மா இரு."

அப்பா சுங்காய் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு உரம் போடுகிறவர். மட்டை மஞ்சளானால் வெள்ளை உரம், வேறு யோசனையே கிடையாது. நான் தங்கியிருக்கும் சித்தி வீட்டு மிளகாய்ச் செடிக்கும் அதே உரம்தான், பிஸ்கட் டின்னில். அம்மோனியம் சல்பேட். அதிலும் இருப்பது நைட்ரஜன். பள்ளிப் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றாலும் இது நினைவிருக்கிறது.

மார்ச் 5, புதன்

செ. அக்கா சாப்பிடப் போன நேரம். சித்தியின் டின்னிலிருந்து எடுத்து வந்த உரத்தைக் கரைத்து ஊற்றினேன்.
3, 4: இரண்டிரண்டு கரண்டி.
5: முக்கால் கரண்டி. அது அவ்வளவாக வெளுக்கவில்லை.
யாரையும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. நல்லது செய்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

ஐந்தாவது பை அழகான பழுப்பு. காலையில் ஒரு பத்து நிமிடம் சந்தோஷம்.

மூன்றிலும் நான்கிலும் நுரை. பதினோரு மணிக்கு நாற்றம். மதியம் எல்லாம் அடியில் சேறாக, மேலே வெறும் தண்ணீர்.

முதலாளி வந்தார். "தண்ணியில க்ளோரின் எடுக்கலையா? செல்வி, உன் வேலதானே?"

"எடுத்தேன் பாஸ். சாமி சத்தியமா எடுத்தேன்."

"சத்தியமெல்லாம் வேணாம். நாளையோட கணக்க முடிச்சிக்கிட்டு வீட்டுல இரு."

நான் கழுவிய போத்தலையே மறுபடி கழுவினேன்.

திரும்பி வந்த வாணி அக்கா இறால் பண்ணைக்காரரோடு போனில்:

"இல்லண்ணே, அம்மோனியம் எங்ககிட்ட கிடையவே கிடையாது. நாங்க போடுறது நைட்ரேட். பாசி அத உள்ள இழுத்து, மாத்தித்தான் சாப்பிடும். அதுக்கு வெளிச்சம் வேணும், இரும்பு வேணும். அம்மோனியம்னா சமைச்ச சோறு, அப்படியே முழுங்கிடும், நைட்ரேட்ட திரும்பிக்கூட பாக்காது. ஆனா கூடிப்போச்சின்னா அதுவே விஷம்லா. பாசிக்கும் விஷம், உங்க குஞ்சுக்கும் விஷம்... இது க்ளோரின்தாண்ணே. அஞ்சாவது பை சூப்பரா இருக்கு, நாளைக்கு காலையில அனுப்புறேன்."

அதில் நான் போட்ட முக்கால் கரண்டி. பாசி எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம்? எனக்குத் தெரியாது. உரம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

சித்தி: "என்னாடி, பேயறஞ்ச மாதிரி இருக்க?"
தலைவலி என்றேன். சொன்னால் வேலை போகும், அப்பாவுக்குத் தெரிந்துவிடும், செ. அக்கா என் முகத்தில் விழிக்கமாட்டார். சொல்லாவிட்டால் குஞ்சுகள் சாகும், அதுவும் செ. அக்கா தலையில்தான் விழும்.

மார்ச் 7, வெள்ளி

தூறல். பஸ்ஸில் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். உள்ளே நுழைந்ததும் மறந்துவிட்டது.

செ. அக்காவுக்குக் கண் வீங்கியிருந்தது. இருந்தும் கிண்டல். "ஏ ஊமைச்சி, எனக்கு இன்னிக்கி கடைசி நாள். ஒரு வார்த்தையாவது பேசி அனுப்பி வைடி."

போத்தல் கூடையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

எட்டரைக்கு இறால் பண்ணை லோரி. ஐந்தாவது பையை டிரம்மில் இறக்கினார்கள். டிரம் ஏறியது. டிரைவர் கதவைச் சாத்தி இஞ்சினைப் போட்டார்.

ஓடிப்போய் லோரி முன்னால் நின்றேன். மழையில் செருப்பு ஒன்று கழன்றுவிட்டது.

"யம்மா, சாவப் போறியா? நவுரு!"

நகரவில்லை. வாணி அக்கா குடையோடு ஓடி வந்தார், பின்னால் செ. அக்கா, வாசலில் முதலாளி. தரையைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"அஞ்சாவது பைய அனுப்பாதீங்கக்கா. க்ளோரின் இல்ல. செல்வி அக்கா ஒண்ணும் பண்ணல. செம்பனைக்குப் போடுற உரத்த நான்தான் போட்டேன், அதுலயும்."