கூகைக் கணவாயில் இருவர்க்கு வழிவிடும் ஓலை

மலை நிலைக்க, மழை பிழையாதிருக்க, உழவர் கொழுவும் வீரர் வேலும் துருவேறாதிருக்க. வெண்பொறை நாட்டின் முடி தாங்கும் நிலந்தாங்கிப் பெருங்கோவின் திருவாய்மொழி கேட்டு, அவர்தம் ஓலைநாயகமும் மூத்த அமைச்சருமாகிய அந்தைவேள், கூகைக் கணவாயின் காவல்தலைவர் எயினன் பூதனார்க்கு விடுக்கும் ஓலை. நும் கோட்டை மதில் திண்ணியதாகுக. நும் வீரர் நோயின்றி இருக்க. பனிக்காலத்து விறகு நும் முற்றத்தில் குறையாதிருக்க.

நலம் கேட்டு இன்னும் நாலு வரி எழுதுவதே முறை. ஆயின் இவ்வோலை சுமந்து வரும் வீரனுக்குப் பின்னாலேயே ஒரு குதிரை வந்துகொண்டிருக்கிறது. அது நும் வாயிலை அடையுமுன் நீர் இதைப் படித்து முடித்தாக வேண்டும். ஆகவே வாழ்த்தைச் சுருக்கினோம், பொறுத்தருள்க. வருபவர் நம் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய ஏனாதி ஆதன் கொற்றனார். நீர் முதற்போர் கண்டது அவர் கொடியின் கீழ் என்பது நமக்குத் தெரியும். பெயரைக் கண்டதும் மகிழ்ந்து முரசுக்கு ஆள் அனுப்பிவிடாதீர். கடைசி வரி வரை படியும்.

கொற்றனார்க்கு ஒரே மகள், வெண்ணி. நும் கணவாய்க்கு அப்பால் மேல்வரை நாட்டு வேளுக்கு அவளை மணம் செய்து கொடுத்தது நீர் அறிந்ததே. அவள் பிள்ளை பெற்றாள், பிள்ளை தங்கவில்லை, காய்ச்சல் தங்கிவிட்டது. மருத்துவர் கைவிரித்தபின் அங்கிருந்து ஆள் வந்தான். அவன் கொண்டுவந்த சொல் ஒன்றே: "அம்மாவை வரச் சொல்லுங்கள்." அந்த அம்மா நப்பாலையார்க்குக் கண்ணொளி போய்ப் பல ஆண்டுகள் ஆயின. செய்தி கேட்டு அவர் அழவில்லை. மகள் முகத்தை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எது வந்தாலும் வரட்டும் என்று சொல்லி எழுந்து நின்றார்.

எழுந்தால் ஆயிற்றா, போவது எப்படி? இவ்வாண்டு மழையில் வண்டித்தடம் அறுந்து கிடக்கிறது. அந்தச் சரிவில் தோளில் ஆளைச் சுமந்துகொண்டு கால் வைக்க மாட்டோம் என்று பல்லக்குச் சுமப்போர் காலில் விழுந்து கேட்டுக்கொண்டனர். மிஞ்சியது குதிரை ஒன்றுதான். கண்ணில்லாதவர் தனிக் குதிரை ஏற இயலாது. கணவர் முன்னே, மனைவி பின்னே, ஒரே குதிரைமேல் இருவர் என்று முடிவாயிற்று. கொற்றனார்க்கும் எழுபது கடந்துவிட்டது. அம்பு தைத்த இடமுழங்கால் மழைக்காலத்தில் மடங்காது. எழுந்திருக்க அவர் மனைவியின் தோளைப் பிடிப்பார். நடக்க மனைவி அவர் முழங்கையைப் பிடிப்பார். இருவரையும் கூட்டினால்தான் ஒரு முழு ஆள் தேறும் என்று அவரே சொல்லிச் சிரிப்பதுண்டு.

பெருங்கோ அரண்மனை இலாயத்தைத் திறந்துவிட்டு, எது வேண்டுமோ அதைக் கொண்டுசெல்க என்று பணித்தார். நாமும் அங்கே இருந்தோம். நப்பாலையார் ஒவ்வொரு குதிரையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். பேரிடி என்னும் போர்க்குதிரையின் முன் வந்ததும் கையைத் தலைக்குமேல் தூக்கியும் சேணம் எட்டவில்லை. "இதன்மேல் ஏற ஏணி வைப்பீர்கள் சரி, வழியில் இறங்க வேண்டுமென்றால் ஏணிக்கு எங்கே போவது?" என்று கேட்டார். கடைக்கோடியில் சாம்பி என்றொரு பெண்குதிரை நின்றது. உப்பு சுமந்த குதிரை அது. குட்டை, அகன்ற முதுகு, வயதும் ஆயிற்று. ஆனால் நடையோ நிறைகுடத்தை முதுகில் வைத்தாலும் தளும்பாத நடை. நப்பாலையார் அதன் முதுகில் கையூன்றிச் சாய்ந்து நின்று, இதுவே போதும் என்றார்.

கொற்றனார்க்கும் அதுவே போதும் என்று தெரியும். முழங்கால் அவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆயினும் சுற்றிலும் நின்ற குதிரை வீரர்களை அவர் ஒரு பார்வை பார்த்தார். அரசர் கையால் ஏனாதி மோதிரம் பெற்றவன் பெண்குதிரை ஏறித் தலைநகரின் கிழக்கு வாயில் கடந்ததாக இந்நாட்டில் ஒரு கதைகூட இல்லை. இன்று சாம்பிமேல் ஏறினால் நாளைக்கே கொற்றனார் கிழடாகிவிட்டார் என்பார்கள், அந்தப் பேச்சு தமக்கு முன்னே கணவாய் கடந்து மருமகன் வாசலில் போய் நிற்கும் என்று அவர் நெஞ்சு கணக்குப் போட்டது. "ஆயுளெல்லாம் போர்க்குதிரை ஏறிவிட்டுக் கடைசியில் உப்புக்குதிரைமேல் ஊர் சிரிக்கப் போவதா?" என்று மனைவியின் காதருகே சொன்னார்.

"ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பின்னால் உட்காரப் போகிறவள் நான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்றார் அம்மையார்.

கொற்றனார், சுமையோட்டம் பார்த்துவிடுவோம் என்று ஆணையிட்டார். நம் நாட்டு வழக்கம் நீர் அறிவீர். குதிரைமேல் இருவர் போக வேண்டுமாயின், பின்னால் ஏறுபவரின் எடைக்கு மணல் மூட்டை கட்டித் திடலைச் சுற்றி ஓட்டிப் பார்ப்போம். மூட்டை அசையாவிட்டால் குதிரை தேறியது என்று பொருள். பேரிடி ஓடிற்று. அடடா, அந்த ஓட்டத்தைக் கண்ணுள்ளவர் யாரும் குறை சொல்ல மாட்டார். மூட்டை கட்டிய இடத்திலேயே இருந்தது, வீரர்கள் ஆர்த்தனர். நப்பாலையார் மட்டும், "மூட்டைக்கு வாய் உண்டா? இடுப்பு நோகிறது என்று அது சொல்லுமா?" என்று கேட்டார். அதற்கும் எல்லாரும் சிரித்தனர். கொற்றனாரும் சிரித்தார். குதிரை முடிவாயிற்று.

முதல்நாள் சமவெளிப் பயணம். துணைக்குப் போன வீரர் இருவரும் தத்தம் குதிரையில் பின்தொடர்ந்தனர். அம்மையார் ஒரு முறைகூட முனகவில்லை என்று அவர்கள் சொல்கின்றனர். மறுநாள் காலை அவரால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. கொற்றனார் அருகே அமர்ந்து, திரும்பிப் போய்ச் சாம்பியைக் கொண்டுவந்துவிடட்டுமா என்று கேட்டார். கேட்கும்போது குரல் இறங்கிவிட்டதாம். "போக ஒரு நாள், வர ஒரு நாள். அதுவரை அவள் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாளா? என்னைத் தூக்கி ஏற்றுங்கள்" என்றார் அம்மையார். ஏற்றினார்கள்.

நரிமேட்டுச் சரிவில் பாதை ஒடுங்கியது. வீரர் இருவரும் பின்தங்கி ஒருவர்பின் ஒருவராக வந்தனர். கொற்றனார் ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே மனைவிக்குச் சொல்லிக்கொண்டு போனார்: இதோ இடப்பக்கம், என்மேல் சாய்ந்துகொள், இதோ இறக்கம், சேணத்தைப் பிடித்துக்கொள். கண் காணாதவர்க்கு அவர் வாய்தான் கண். அப்போது குதிரைக் குளம்பின் கீழ் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அது மட்டும் அவரால் முன்கூட்டிச் சொல்ல இயலாத ஒன்று. நப்பாலையார் அஞ்சிக் கணவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். இரு குதிகாலாலும் குதிரையின் பின்விலாவை இறுக்கிக்கொண்டார்.

பூதனாரே, நீரும் குதிரைப்படையில் இருந்தவர். அடுத்து நடந்தது என்ன என்று நுமக்கே தெரிந்திருக்கும். பின்விலாவில் குதிகால் அழுந்தினால் பாய வேண்டும் என்பது நம் போர்க்குதிரைக்குக் குட்டியிலேயே ஊட்டிய பாடம். பேரிடிக்கு அதை ஊட்டியவரே கொற்றனார்தான். முன்னால் அமர்பவன் வேண்டும்போது காலைப் பின்னுக்கு இழுத்து அழுத்துவான். பின்னால் அமர்பவர்க்கோ கால் தொங்குவதே அந்த இடத்தில்தான். திடலில் நின்ற அத்தனை பேருக்கும் இது தெரியும், ஒருவருக்கும் தோன்றவில்லை. மணல் மூட்டைக்கு வாய் இல்லை என்று அம்மையார் சொன்னாரே, அதற்குக் காலும் இல்லை.

பேரிடி பகைப்படையைக் கண்டதுபோல் அந்தச் சரிவில் பாய்ந்தது. கொற்றனார் கடிவாளத்தை இழுத்து நிறுத்துவதற்குள் முதுகின் பின்னே வெறுமையாகிவிட்டது. திரும்பிப் பார்த்தார். அம்மையார் பாறையின்மேல் கிடந்தார். ஓடிப்போக வேண்டும், ஆனால் ஏறும்போது கைகொடுத்த இருவரும் இன்னும் மேல் வளைவில் இருந்தனர். காலைத் தூக்கினார், முழங்கால் மடங்கவில்லை. மறுபடி தூக்கினார். தரையோ அவ்வளவு கீழே இருந்தது. நாற்பது போரில் குதிரையினின்று குதித்த மனிதர், பெண்டாட்டி பத்தடி தள்ளிக் குருதி ஒழுகக் கிடக்க, இறங்கத் தெரியாமல் சேணத்தின்மேல் அமர்ந்து அம்மையார் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டிருந்தார். முடிவில் கண்ணை மூடிக்கொண்டு மூட்டைபோல் உருண்டு விழுந்தார். வீரர்கள் வந்து சேர்ந்தபோது அவர் தவழ்ந்துகொண்டிருந்தார்.

நண்பகல் வரை அம்மையார்க்கு உயிர் இருந்தது. குதிரைக்கு அடிபட்டதா என்று கேட்டார். வீரன் ஒருவன் வாளை உருவிக்கொண்டு பேரிடியை நோக்கிப் போன ஒலி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "அதை ஒன்றும் செய்யாதீர்கள். சொல்லிக்கொடுத்ததை அது செய்தது" என்றார். பிறகு கணவரின் முகத்தைத் தடவி, "என்னை வெண்ணியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்" என்றார். சேர்க்கிறேன் என்று கொற்றனார் சொன்னது அவர்க்குக் கேட்டதா என்பது ஒருவர்க்கும் தெரியாது.

சரிவின் அடியிலேயே எரியூட்டினர். கொற்றனார் பேரிடியை ஒரு வீரனிடம் ஒப்புவித்துத் தலைநகர்க்கு அனுப்பினார். கூடவே ஏனாதி மோதிரத்தையும் கழற்றி அனுப்பினார். சாம்பியைத் தருக என்பது மட்டுமே அவர் வேண்டுகோள். பெருங்கோ அவை நடுவே கண்ணீர் விட்டார். நூறு வீரர் துணை தருகிறோம், வழி செப்பனிட ஆள் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார். சாம்பி போதும் என்று மீண்டும் செய்தி வந்தது. குதிரை போய்ச் சேர்ந்ததும், அவர் அருகிருந்த ஊர்த் தச்சனைக் கொண்டு அதற்குப் புதுச் சேணம் செய்வித்தார். பின்னிருக்கைக்கு முதுகு சாயப் பலகை வைத்தார், மெத்தை வைத்தார். விலாவில் படாதபடி முன்தள்ளி, இரு பக்கமும் கால் வைக்க மிதியும் வைத்தார். சாம்பல் குடத்துக்கு மிதி எதற்கு என்று தச்சன் கேட்டான். அவர் மிதியின் உயரத்தை இன்னொருமுறை அளந்து காட்டினார்.

வெண்ணி இன்னும் உயிரோடிருக்கிறாள். அம்மா எதுவரை வந்துவிட்டாள் என்று நாள்தோறும் கேட்கிறாளாம். நடந்தது அவளுக்குத் தெரியாது. தாமே சொல்ல வேண்டும் என்று தந்தை விரும்புகிறார். ஆகவே நும் கோட்டையிலிருந்து ஒரு சொல்லும் அவருக்கு முன்னே போகலாகாது. எந்த வாயால் சொல்வார் என்று நமக்குத் தெரியவில்லை.

இனி ஆணை. வருபவர் விரலில் மோதிரம் இராது. ஏறி வருவது உப்புக்குதிரை. நும் வாயிலோர் அவரைச் சுமைவழிக்குத் திருப்பிவிடப் பார்ப்பர். திருப்பற்க, அரசவாயிலைத் திறக்க. முரசு கொட்டற்க, கொம்பு ஊதற்க, போர்க்குதிரை தருகிறோம் என்று ஒருவனும் வாய் திறவற்க. கணவாய் கடக்கும் சுமை எதையும் அவிழ்த்துப் பார்ப்பது நும் கடமை. பின்னிருக்கையில் இருப்பது சுமை அன்று, அதைத் தொடற்க. அவர் இறங்கி இளைப்பாறுமிடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இட்டு வைக்க. மீண்டும் ஏறி அமர்ந்ததும் அவர் உடனே புறப்பட மாட்டார். வலக்கையைப் பின்னே நீட்டுவார். யாரோ அதைப் பற்றி ஏறுவதற்குக் காத்திருப்பவர்போல் சற்றுநேரம் அப்படியே இருப்பார். ஒவ்வோர் ஊரிலும் இப்படித்தான் செய்கிறார் என்று உடன் செல்லும் வீரன் செய்தி விடுத்துள்ளான். நும் வீரர் சிரிக்கலாகாது, இரங்கிப் பேசவும் ஆகாது. அவர் கையை மடக்கிக்கொள்ளும் வரை பொறுத்திருக்க.

இவ்வாணை மலையினும் திண்ணிது. மீறுவோர் யாராயினும் பெருங்கோவின் வாளுக்கு விடை சொல்வர். அரக்கில் பதிந்திருப்பது அரசப்பொறி. அதனருகே காணும் சிறு வட்டம் கொற்றனார் கழற்றித் தந்த மோதிரத்தின் சுவடு. அவர் கையில் இல்லாத அடையாளத்தை நும் கைக்கு அனுப்பினோம்.

இன்னும் ஒன்று. வாயில் கடப்போர் எத்தனை பேர் என்று மதில்மேல் நிற்பவன் எண்ணிக் கூவுவது நும் கோட்டையின் வழக்கம். அக்குதிரை கடக்கும்போது அவன் இருவர் என்று கூவுக.