கால் போட்ட சொல்

2006 மே 2, செவ்வாய்
பல்கலைக்கழகத்தில் நான் துப்புரவு செய்யும் வகுப்பறையில், கரும்பலகையை அழிக்கவிடாமல் பேராசிரியை மறித்தார். பலகையில் காலோடு நடக்கும் ஒரு குளம், ஓர் ஆந்தை, பிறகு உடம்பில்லாத இரண்டு கால். பழைய எகிப்தியச் சொல்லாம்: ‘ஷெம்’. போதல், நடத்தல். கடைசியில் கால் போட்டால்தான் நடைக் காரியம் என்று வாசிப்பவருக்கு விளங்குமாம். படகில் போனால் படகு போடுவார்களாம். ஏமாற்ற இடமே வைக்காத சனங்கள்!

அடுத்த செவ்வாய் என் மனுசி சிசிலியின் மார்புக் கட்டிக்குப் பரிசோதனை முடிவு வரும். சிரிப்பு வரவில்லை. நல்லது வந்தால் வீடு இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து மலைச் சூசையப்பர் கோவிலுக்கு நடந்தே வருவதாக நேர்த்தி வைத்திருக்கிறேன்.

மே 9
புற்றுநோய் இல்லை! டாக்குத்தர் முன்னால் அழுதது அவளில்லை, நான்.

மே 13, சனி
நடந்தேன் — வழியில் கோட்-டெ-நெய்ஜ் தெரு வரை மட்டும். புதுச் சப்பாத்து குதிக்காலைத் தின்றுவிட்டது. 165 பஸ் பக்கத்தில் வந்து நின்றது, சூசையப்பரே அனுப்பியதுபோல. ஏறினேன். உள்ளே அக்னெஸ். எங்கள் பங்குக் கோவிலில் ஊர்ப்புதினம் காவி வம்பளப்பதில் எனக்குள்ள ஒரே போட்டி.
“எமிலியானுஸ் அண்ணை, நேர்த்திக்கோ?”
“ஓம்...”
“பஸ்ஸிலயோ?”
எகிப்தியர் என் பயணத்துக்கு பஸ்தான் போட்டிருப்பார்கள்.
வீட்டில் சிசிலி சுடுதண்ணீர் வைத்து என் காலைக் கழுவினாள். “பாவம் மனுசன், எனக்காக இவ்வளவு தூரம்!” நான் மற்றக் காலையும் நீட்டினேன்.

மே 14
பூசையில் அக்னெஸ் திரும்பித் திரும்பிச் சிரித்தாள். நான் எத்தனை பேரை இப்படி வேக வைத்திருப்பேன்?

மே 16
குதிக்கால் ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை.

மே 17
சொல்லிவிட்டேன். சிசிலி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.
“தெரியும். காற்சட்டைப் பையில பஸ் துண்டு கிடந்தது.”
“அப்ப ஏன் பேசாமல் இருந்தனீர்?”
“எத்தனை நாள் தாங்குவியள் எண்டு பாத்தனான். நாலு நாள்! உங்கட வாய்க்கு அது சாதனை.”
“அக்னெஸ் ஒண்டும் சொல்லேல்லையோ?”
“அவளோ? ஒரு சொல் சொல்லேல்ல.”
அட, அவளை நான் என்னவெல்லாம் சொல்லித் திரிந்தேன்!

மே 20, சனி
மறுபடி, வாசற்படியிலிருந்து. பழைய சப்பாத்து. சிசிலியும் வந்தாள். 165 கடந்தபோது, “ஏறுவமோ?” என்று என் விலாவில் இடித்தாள். ஏறவில்லை. கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தோம்.
இப்போது அந்தச் சொல்லை இங்கே வரைந்து பார்க்கிறேன். குளம் தட்டுப்போல இருக்கிறது, ஆந்தை கோழிபோல. கால் மட்டும் சரியாக வந்திருக்கிறது. நாலு போட்டிருக்கிறேன்.